மந்தரத் தந்தியின் மௌனம்

அத்தியாயம் 6

செய்யச் சொன்ன பொருளுக்காக ஒருவரை இரண்டு ஆண்டு நான்கு மாதம் காக்கவைத்துவிட்டு, "களவு போயிடுச்சு" என்ற இரண்டே சொற்களில் பேச்சை முடித்துக்கொள்ள எந்தத் தொழிலாளிக்கும் உரிமை இல்லை. துப்பறிவாளர் ஒட்டாசிலியோ இதைத் தமக்குள் மூன்றாம் முறையாகச் சொல்லிக்கொண்டே ரமோஸ் ரயில் நிலையச் சாலையில் இறங்கினார். அவருக்குப் பின்னால், மாண்டலின் செய்யும் அனிசெட்டோ தமது பட்டறைக் கதவைச் சாத்தித் தாழிட்டார். போய்வாருங்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது.

வியாழக்கிழமை, காலை மணி பத்து. ரியோவின் வடக்குப் புறநகர் வெயில் அதற்குள் சட்டையை முதுகோடு ஒட்டிவிட்டிருந்தது. கருவி கிடைத்தாக வேண்டியது சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள்.

ஒட்டாசிலியோ அஞ்சலகத்தில் முப்பத்தோர் ஆண்டுகள் காணாமற்போன பொதிகளைத் தேடிக் கண்டுபிடித்த அதிகாரி. ஓய்வு பெற்றபின் அதே வேலையைத் தனியாகச் செய்கிறவர். கேள்விக்குரிய விடை முழுமையாக வர வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அனிசெட்டோ அக்கொள்கையைச் சற்றும் மதிக்கவில்லை. எந்த நாளில் களவு போயிற்று என்று கேட்டதற்கு, மூன்று வாரம் இருக்கும் என்றார். எவர்மீதாவது ஐயம் உண்டா என்றதற்குத் தோளைக் குலுக்கினார். காவல் நிலையத்தில் ஏன் புகார் கொடுக்கவில்லை என்றதற்குப் பசைச் சட்டியைக் கிளறினார்.

"சார், இந்த மாஸ்டர் வாயைத் தொறந்து ஒரு முழு பதில் சொல்றதுக்குள்ள, காணாமப்போன மாண்டலினே குட்டி போட்டுடும்," என்றாள் ஜுரேமா. அவள் ஒட்டாசிலியோவின் உதவியாளர். பன்னிரண்டு ஆண்டுகள் பேருந்தில் நடத்துநராக இருந்து, பொய் சொல்லும் முகங்களைப் பார்த்துப் பழகியவள்.

"முகம் என்ன சொல்லிச்சு?"

"டிக்கெட் எடுக்காதவன் மூஞ்சி இல்ல. எடுத்த டிக்கெட்டத் தொலைச்சவன் மூஞ்சி."

ஒட்டாசிலியோ அதைக் குறித்துக்கொள்ளவில்லை. உவமைகளைக் குறிப்பேட்டில் எழுதும் வழக்கம் அவருக்கு இல்லை. அவர் குறித்துக்கொண்டது வேறு. அனிசெட்டோவின் பட்டறைச் சுவரில் வரிசையாகப் பன்னிரண்டு ஆணிகள். ஒன்றைத் தவிர ஒவ்வோர் ஆணியிலும் ஒரு பழுப்புத் தாள்; ஒவ்வொரு தாளிலும் பென்சிலால் வரைந்த ஓர் இடக்கை. யார் மாண்டலின் செய்யச் சொன்னாலும் அவர் முதலில் அவர்களுடைய இடக்கையைத் தாளில் விரித்துவைத்து வரைந்துகொள்வார். கருவியின் கழுத்தை அந்தக் கைக்கு ஏற்பத்தான் செதுக்குவார். வேலை முடிந்ததும் தாள் ஆணியை விட்டு இறங்கி, கருவியோடு பெட்டிக்குள் போகும். ஒன்பதாவது ஆணி வெறுமையாக இருந்தது. தம்மை அனுப்பிய வாடிக்கையாளரின் தாள் எங்கே என்று கேட்டபோது, அதுவும் பெட்டியிலேயே இருந்தது, திருடன் சேர்த்துக் கொண்டுபோய்விட்டான் என்று பதில் வந்தது.

பணிமேசைமேல் பாதி செதுக்கிய வேறொரு கழுத்து கிடந்தது. அதனடியில் சிக்கியிருந்த தாளில் ஒரு சுண்டுவிரலின் கோடு மட்டும் வெளியே தெரிந்தது. கோடு நேராக இல்லாமல் வெளிப்புறமாக வளைந்திருந்தது. ஒரு விரலை ஒழுங்காக வரையத் தெரியாதவர் கருவியை எப்படி ஒழுங்காகச் செய்வார் என்று ஒட்டாசிலியோ அவருடைய குறைகளின் பட்டியலில் இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார்.

நிலையத்துக்கு எதிரே இருந்த சிற்றுண்டிக் கடையில் வாடிக்கையாளர் காத்திருந்தார். லிண்டாவுரா, ஐம்பத்து நான்கு வயது, ஷோரோ என்னும் பிரேசில் இசையை வாசிக்கும் மாண்டலின் கலைஞர். ரியோவின் எந்த ஷோரோ வட்டத்தில் அவர் வந்து அமர்ந்தாலும், மற்ற மாண்டலின்காரர்கள் தம் கருவியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கேட்கத் தொடங்குவார்கள். முன்னால் இருந்த கரும்புச்சாற்றை அவர் தொடவில்லை. பஸ்டெல் என்ற பொரித்த பலகாரம் ஆறிப்போயிருந்தது.

அனிசெட்டோ சொன்னதை, அதாவது சொல்லாததை, ஒட்டாசிலியோ ஒப்பித்தார். லிண்டாவுரா முழுவதையும் கேட்டுவிட்டு, முதலில் மரம் காயவில்லை என்றதையும், பிறகு மழைக்காலத்தில் பசை பிடிக்காது என்றதையும், அதன்பின் கார்னிவல் வந்ததையும், தந்தி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றதையும் விரல்விட்டு எண்ணினார். ஐந்தாவது சாக்கு திருடன் என்றார்.

அவருடன் பத்தொன்பது ஆண்டுகள் ஏழு தந்தி கிட்டார் வாசித்தவர் பெலிசாரியோ. அவர் லிஸ்பனுக்குக் குடிபெயரும் எண்ணத்தைச் சொன்ன வாரத்திலேயே லிண்டாவுரா இந்த மாண்டலினைச் செய்யச் சொன்னார். வழக்கமான எட்டுத் தந்திகளுக்குக் கீழே மேலும் ஓர் இணை, ஆகப் பத்து. பத்துத் தந்தி மாண்டலின் ரியோவுக்குப் புதிதன்று. ஆனால் அந்தக் கூடுதல் இணை மற்றவர்களுடையதைவிட ஒரு முழு ஸ்வரம் தாழ்ந்து ஒலிக்க வேண்டும் என்று கேட்டவர் அவர் ஒருவரே. கிட்டார் செய்த வேலையையும் இனித் தாமே செய்தாக வேண்டும் என்பது அவர் கணிப்பு. வில்லா இசபெல் அரங்கக் குழுவினர் தனி மாண்டலின் கச்சேரியா என்று தயங்கியபோதும் இந்தக் கருவியைச் சொல்லித்தான் சம்மதிக்கவைத்தார். இப்போது அவர்கள் வேறொரு குழுவையும் தயாராக வைத்திருக்கிறார்கள்.

"நாளன்னிக்கு எட்டுத் தந்தியோட போய் உக்காந்தா பாதிப் பாட்டுதான் வாசிக்க முடியும்," என்றார் லிண்டாவுரா. "மீதிப் பாதி லிஸ்பன்ல இருக்கு."

ஜுரேமா அவருடைய பஸ்டெலை அனுமதி கேட்காமல் எடுத்துக் கடித்தபடி, திருடிய பத்துத் தந்தியை எவனாவது வாசிக்காமலா இருப்பான் என்று கேட்டாள். மாண்டலின்காரர்களுக்கென்று கைபேசியில் ஒரு குழு இருக்குமே, அதில் பத்துத் தந்தி ஏதாவது அண்மையில் ஒலித்ததா?

அண்மையில் இல்லை என்றார் லிண்டாவுரா. நான்கு மாதங்களுக்கு முன்பு ஒரு மாதிரி வந்தது, அவ்வளவுதான். மாதிரி என்றால் என்ன என்பதையும் அவரே சொன்னார். கருவி செய்கிறவர், மெருகு பூசுவதற்கு முன்பு, வெறும் மரமாக இருக்கும்போதே தந்தி கட்டி யாரையாவது வாசிக்கச் சொல்லி ஒலிப்பதிவு செய்வார். செய்தவர் பெயரும் சொல்வதில்லை, சொந்தக்காரர் பெயரும் சொல்வதில்லை. யாரோ ஒருவருடைய எண்ணிலிருந்து அது குழுவுக்கு வரும். குழுவினர் தாட்சண்யமில்லாமல் கருத்துச் சொல்ல வேண்டும். எவ்வளவு கடுமையாகச் சொன்னாலும் செய்தவர் வாய் திறக்கக் கூடாது. இது எல்லோரும் ஒப்புக்கொண்ட முறை.

அவர் பதிவை ஒலிக்கவிட்டார். நாற்பது விநாடி. கைபேசியிலிருந்து மாண்டலின் மெல்லியதாக, தகரத்தில் மழை விழுவதுபோலக் கேட்டது. கீழே குழுவினரின் விமரிசனங்கள். பலர் பாராட்டியிருந்தார்கள். லிண்டாவுராவின் விமரிசனத்தை ஜுரேமா வாய்விட்டுப் படித்தாள்:

"அடித்தந்தி செவிடு. தலகாணில முகத்தப் பொதச்சுக்கிட்டுப் பேசற மாதிரி இருக்கு. இத செஞ்சவரு நாற்காலி செய்யப் போகலாம்." அவள் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். "மேடம், உங்கள மாதிரி ஒருத்தர் எங்க பஸ் டிப்போல இருந்திருந்தா டிரைவர்லாம் ராஜினாமா பண்ணியிருப்பாங்க."

உண்மையைத்தானே சொன்னேன் என்றார் லிண்டாவுரா. அவருக்குப் பின்னால் எழுதியவர்கள், முன்பு பாராட்டியவர்கள் உட்பட, அடித்தந்தியில் குறை இருப்பதாகவே எழுதியிருந்தார்கள்.

ஒட்டாசிலியோ பதிவை மறுபடி ஒலிக்கவிடச் சொன்னார். மூன்றாம் முறையும் கேட்டார். இசைக்குப் பின்னால் டிக், டிக் என்று ஏதோ ஒலித்தது. தாளக்காரன் ஒழுங்காக வாசிக்கவில்லை என்றாள் ஜுரேமா.

"இவ்வளவு தாளம் தப்பற ஒருத்தன இவங்க வட்டத்துல உக்கார விடுவாங்களா? இது தாளம் இல்ல. கத்தரி. முடி வெட்டறப்போ சத்தம் அமுங்கி வருது. நடுவுல ரெண்டு தடவை காத்துல வெட்டறாரு பாரு, அது மட்டும் கணீர்னு கேக்குது. காத்துல வெட்டற பழக்கம் யாருக்கு இருக்கு?" என்றார் ஒட்டாசிலியோ.

அத்துடன், பதிவின் முடிவில் மூன்று மணியோசைகள். ரயில் கதவு மூடும் எச்சரிக்கை. ஆக, நிலையத்தை ஒட்டிய முடிதிருத்தும் கடை. வெறும் மரமாக இருக்கும் கருவி எவ்வளவு தொலைவு போகும் என்று அவர் கேட்டார். கருவி வியர்வையையும் ஈரத்தையும் குடித்துவிடும், பட்டறையிலிருந்து நாலு எட்டுக்கு மேல் எவரும் கொண்டுபோக விடமாட்டார்கள் என்றார் லிண்டாவுரா. ரியோவில் பத்துத் தந்தி செய்கிறவர்கள் மூவர். இருவருடைய பட்டறைகள் மலைமேல் இருக்கின்றன, ரயிலோசை எட்டாது. மூன்றாமவர் அனிசெட்டோ.

சொல்லி முடித்தபின்தான் அவர் சொன்னதன் பொருள் அவருக்கே உறைத்தது. முகம் சிவந்தது.

"அப்போ எனக்கு மரம் காயல, பசை காயலன்னு சொல்லிட்டு, வேற எவனுக்கோ பத்துத் தந்தி செஞ்சு குடுத்திருக்காரு. என்னை வரிசைல நிக்க வெச்சுட்டு."

வேறெவனோ ஒருவனுக்கு முதலில் செய்ததை மறைக்கத்தான் இந்தத் திருட்டுக் கதையும் புனையப்பட்டதா என்பது ஒட்டாசிலியோவுக்கு உறுதியாகவில்லை. ஆனால் அந்த வேறெவனைத் தேடிப் போவதைத் தவிர வழி இல்லை. லிண்டாவுரா அவருக்கு முன்பே எழுந்து சாலையில் இறங்கியிருந்தார்.

நிலையத்தை ஒட்டி முடிதிருத்தும் கடைகள் மூன்று இருந்தன. முதல் கடையில் மின்கத்தரி மட்டுமே புழங்கியது. இரண்டாவது கடைக்காரர் தமக்கு இசையே பிடிக்காது என்றார். அதை அவர் சொன்ன விதத்தில் ஜுரேமாவுக்கு அவர்மேல் பரிவே பிறந்தது. மூன்றாவது கடையின் கண்ணாடிக்கு மேலே கவாக்கினோ என்ற நான்கு தந்திச் சிறு கிட்டார் மாட்டியிருந்தது. அறுபது தாண்டிய ஒருவர் காலியான நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அடுத்த நாற்காலியில் அவருடைய மருமகன் ஒரு தபால்காரருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தான். இரண்டு வெட்டு முடியில், இரண்டு வெட்டு காற்றில்.

ஜுரேமா ஒட்டாசிலியோவைப் பார்த்துத் தலையசைத்தாள்.

கடைக்காரர் பெயர் ஜில்டாசியோ. பதிவைப் பற்றிக் கேட்டவுடன் செய்தித்தாளை மடித்து வைத்தார். அதை வாசித்தது தாம்தான் என்று மறைக்காமல் ஒப்புக்கொண்டார். அனிசெட்டோவின் மாதிரிகளை ஒன்பது ஆண்டுகளாக அவர்தான் வாசிக்கிறார்; பதிவு அவருடைய மாமியாரின் கைபேசியிலிருந்து போகும், ஏனென்றால் அந்த அம்மாளை இசை உலகத்தில் எவருக்கும் தெரியாது. கருவி யாருக்கானது என்று அனிசெட்டோ சொல்வதில்லை, இவரும் கேட்பதில்லை.

"ஆனா அந்தக் கருவி, அக்கா," என்று அவர் லிண்டாவுராவைப் பார்த்துச் சொன்னார், வந்தவர்களில் அவர்தான் அதிக அக்கறையோடு கேட்பதாகத் தோன்றியதால். "என் கைக்கு வந்ததுலயே அதுதான் ஒசத்தி. அதக் கெடுத்தது ஒரு பொம்பள. அடித்தந்தி செவிடாம். நாற்காலி செய்யப் போகணுமாம். அந்தம்மாவுக்குக் காது இருக்குன்னு ஊரே சொல்லுது. எனக்கென்னவோ நாக்கு மட்டுந்தான் இருக்குன்னு தோணுது."

"பேரு ஞாபகம் இருக்கா அண்ணே?" என்றாள் ஜுரேமா, கண்ணாடியைப் பார்த்துத் தன் முடியைச் சரிசெய்துகொண்டே.

"லிண்டாவுரா."

மருமகனின் கத்தரி நின்றது. அவன் லிண்டாவுராவை எங்கோ மேடையில் பார்த்திருக்க வேண்டும். மாமனாருக்குக் கண்ணால் சைகை காட்டினான். மாமனார் அதைக் கவனிக்கவில்லை.

"நான்தான் அது," என்றார் லிண்டாவுரா. "நான் கேட்டதத்தான் எழுதினேன். இப்பக் கேட்டாலும் அதையேதான் எழுதுவேன். போடுங்க அந்தப் பதிவை, இங்கேயே பேசிக்கலாம்."

ஜில்டாசியோ மன்னிப்புக் கேட்கவில்லை. எழுந்து, கடையின் மூலையில் கால்பந்தாட்ட நாட்களுக்காக வைத்திருந்த, இடுப்பு உயரமுள்ள ஒலிபெருக்கியில் கைபேசியை இணைத்தார்.

அதே நாற்பது விநாடி. ஆனால் சிற்றுண்டிக் கடையில் கேட்டது இது அன்று. மேல்தந்திகளின் அடியில் இன்னொரு குரல் நடந்து வந்தது, அவசரமில்லாமல், ஒவ்வோர் அடியையும் ஊன்றி வைத்து. அலமாரியில் இருந்த தைலக் குப்பிகள் ஒன்றையொன்று தொட்டு ஒலித்தன. தபால்காரர் தலையைத் திருப்பாமல் கண்களை மட்டும் உயர்த்தினார்.

பதிவு முடிந்தது. லிண்டாவுரா மறுபடி போடச் சொன்னார். இரண்டாம் முறை முடிந்தபோது அவர் கண்ணாடி அலமாரியின் விளிம்பை இடக்கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இது வழக்கமான சுருதி இல்ல," என்றார் மெதுவாக. "ஒரு ஸ்வரம் கீழ இருக்கு."

அப்படிச் செய்யச் சொன்னவர் ரியோவில் ஒருவரே என்பது வந்திருந்த மூவருக்கும் தெரியும். அன்று அந்தப் பதிவை எங்கிருந்து கேட்டீர்கள் என்று ஒட்டாசிலியோ வினவினார்.

பேருந்தில், என்றார் அவர். அவெனிடா பிரசில் நெடுஞ்சாலையில், சன்னல் இருக்கையில், கைபேசியைக் காதோடு அழுத்தி. பெலிசாரியோவை விமான நிலையத்தில் விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். எந்தக் கருவியையும் பாராட்டும் மனநிலையில் அன்று அவர் இல்லை.

உள்ளங்கை அளவு கைபேசி கத்தரியின் ஓசையைத் துல்லியமாகக் கொடுத்தது. மந்தரத் தந்தியை விழுங்கிவிட்டது. அந்தக் குறையைக் கருவியின்மேல் ஏற்றி, இருபத்து மூன்று பேர் முன்னிலையில் தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. பின்னால் வந்தவர்களும் அதே போன்ற பேருந்துகளில், அதே போன்ற கைபேசிகளில் கேட்டு, பெரிய கலைஞர் சொல்லிவிட்டாரே என்று தங்கள் காதையும் அவர் பக்கம் சாய்த்துவிட்டார்கள். இதில் எவர்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் ஒட்டாசிலியோ லிண்டாவுராவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. அலமாரி விளிம்பைப் பற்றியிருந்த சுண்டுவிரல் வெளிப்புறமாக வளைந்திருந்தது.

"அந்த விரல் எப்போ உடைஞ்சது?"

பதினோரு வயதில், மாமரத்திலிருந்து விழுந்து, என்றார் அவர் எரிச்சலோடு. அதற்காகத்தான் கழுத்தை அந்த இடத்தில் இளைக்கச் சொன்னதாகவும் சொன்னார்.

ஒட்டாசிலியோ தொப்பியை எடுத்துக்கொண்டார். காலையில் தாம் குறை கண்ட அந்தக் கோட்டை அனிசெட்டோ மிகச் சரியாகவே வரைந்திருக்கிறார். திருடனோடு போய்விட்டதாகச் சொன்ன தாள், பட்டறையின் பணிமேசைமேலேயே, பாதி செதுக்கிய கழுத்தின் அடியில் இருக்கிறது.

"மேடம், உங்க மாண்டலின யாரும் திருடல. மாஸ்டர் உங்களுக்காக ரெண்டாவதா ஒண்ணு செஞ்சுக்கிட்டிருக்காரு."

அனிசெட்டோ கதவைத் திறக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார். திறந்ததும் லிண்டாவுராவைக் கண்டு ஒரு காலடி பின்வாங்கினார். ஒட்டாசிலியோ நேரே பணிமேசைக்குப் போய், கழுத்தைத் தூக்கி, தாளை எடுத்து நீட்டினார். அதற்குமேல் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அனிசெட்டோ மேல்தட்டிலிருந்து ஒரு துணிமூட்டையை இறக்கி அவிழ்த்தார். உள்ளே மாண்டலின், மெருகில்லாமல், வெளிர் மரமாக. தலைப்பகுதியில் பத்துத் துளைகள் வெறுமையாக இருந்தன. பக்கத்துக்கு ஐந்தாகத் தகட்டில் அமைந்த முறுக்காணிகளைக் கழற்றி, பணிமேசையிலிருந்த புதுக் கழுத்தின் தலையில் பொருத்தியிருந்தார்.

அவர் சொன்னது இதுதான். அந்தச் சுருதி வேண்டும் என்று ரியோவில் வேறெவரும் சொன்னதில்லை. ஆகவே பதிவைக் கேட்டவுடனேயே லிண்டாவுரா தம் கருவியை அடையாளம் கண்டுகொண்டார் என்றுதான் அவர் நம்பினார். கண்டுகொண்டும், தனியே வந்து சொல்லாமல், எல்லோர் முன்னிலையிலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முறைப்படி தாம் வாய் திறக்கக் கூடாது. ஆகவே ஒன்றும் கேட்காமல் புதிதாக ஒன்றைத் தொடங்கினார். கச்சேரிக்கு முன் நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று லிண்டாவுரா சொன்னபோது அது பாதியிலேயே இருந்தது. திருட்டு என்று சொன்னால் இன்னும் மூன்று மாத அவகாசம் கிடைக்கும் என்று எண்ணினார்.

"ஃபோன்லதான் கேட்டேன், மாஸ்டர். பஸ்ல," என்றார் லிண்டாவுரா. "என்னோடதுன்னு சத்தியமாத் தெரியாது. தப்பு என்னோடது. முறுக்காணியெல்லாம் திரும்ப மாட்டிக் குடுங்க."

அனிசெட்டோ தலையாட்டினார், ஆனால் அது மறுப்பு.

"மாட்டறதுல என்ன இருக்கு. நீங்க எழுதின அன்னிலேர்ந்து தெனம் அதத் தட்டிப் பாக்கறேன். எனக்கும் இப்ப அது செவிடாத்தான் கேக்குது. நாப்பது வருஷமா இந்தக் காத நம்பித்தான் மரத்த அறுத்தேன். இப்ப எத நம்பறது?"

ஜுரேமா மரத்தூளைக் காலால் கூட்டிக்கொண்டிருந்தாள். ஜில்டாசியோவின் கடைக்கு வந்து ஒலிபெருக்கியில் கேட்கலாமே என்று ஒட்டாசிலியோ சொல்லிப் பார்த்தார். எந்திரத்தில் கேட்டு என்ன தெரியும் என்றார் அனிசெட்டோ. மெருகு பூசாததை மேடையேற்றக் கூடாது என்றார். புதுத் தந்தி இரண்டு நாள் நழுவிக்கொண்டே இருக்கும் என்றார். அவ்வளவும் நியாயமான காரணங்களே. அவற்றில் ஒன்றையாவது இரண்டு ஆண்டுகளில் ஒரு முறை உண்மையாகச் சொல்லியிருக்கலாம்.

லிண்டாவுரா முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"பத்தும் வேணாம். ஒரு பக்கத்துத் தகட மட்டும் மாட்டுங்க. அடித்தந்தி ரெண்டு போதும்."

அனிசெட்டோ திருப்புளியை எடுத்தார். ஒரு பக்கத் தகட்டைக் கழற்றி மாட்டவும், தந்தியைத் தாங்கும் குதிரையை நிறுத்தவும், தடித்த தந்திகள் இரண்டைக் கட்டவும் முக்கால் மணி நேரம் ஆயிற்று. தந்தி ஏறவும் நழுவவும் மறுபடி ஏறவுமாக இருந்தது. ஒவ்வொரு முறை நழுவியபோதும், பார்த்தீர்களா என்பதுபோல அவர் நிமிர்ந்தார். லிண்டாவுரா கையை நீட்டியபடியே இருந்தார். கடைசியில் கருவியை அவர் மடியில் வைத்துவிட்டு, அனிசெட்டோ சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

வளைந்த சுண்டுவிரல் கழுத்தின் இளைத்த இடத்தில் போய் அமர்ந்தது. அவர் மெட்டு எதையும் வாசிக்கவில்லை. மெட்டுக்கான தந்திகள் இல்லை. பெலிசாரியோ பத்தொன்பது ஆண்டுகள் அவருக்குக் கீழே வாசித்த அடிநடையை மட்டும், அந்த இரண்டே தந்திகளில், தொடக்கத்திலிருந்து முடிவுவரை நடத்தினார். பணிமேசையில் சாய்ந்திருந்த ஒட்டாசிலியோவுக்கு அது முழங்கை வழியாகவும் கேட்டது. பாதியில் சுருதி சற்று இறங்கியது. அவர் நிறுத்தாமல் முறுக்காணியைத் திருகிவிட்டுத் தொடர்ந்தார். அனிசெட்டோவின் முதுகு அசையவில்லை. முடியும் தறுவாயில் அவருடைய வலக்கை மட்டும் உயர்ந்து, சுவரில் விரித்தபடி நின்றது.

கடைசி ஒலி அடங்கும்வரை லிண்டாவுரா காத்திருந்தார்.

"குழுவுல எழுதணுமா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்றார் அனிசெட்டோ, திரும்பாமலே.

"எழுதத்தான் போறேன். ஆனா இப்போ இல்ல. எல்லாரும் சனிக்கிழம அரங்கத்துக்கு வந்து காதால கேக்கட்டும், அப்புறம் எழுதறேன்." அவர் கருவியை நீட்டினார். "மிச்ச எட்டையும் போடுங்க, மாஸ்டர்."

அனிசெட்டோ கருவியை வாங்கிக்கொண்டார். பாதி செதுக்கிய புதுக் கழுத்தை அருகில் இழுத்து, அதன் மறுபக்கத் தகட்டிலிருந்த முதல் திருகைக் கழற்றத் தொடங்கினார்.